படம் அழகாக வருகிறது, மனத்தில் நிற்கவில்லை: நெல்லைத் தெருக்களில் படம் எடுப்பவர்கள் வாருங்கள்

வடக்கு ரதவீதி:
டவுனில் செல்போன் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கடை திறப்பதற்கு முன்பும் அடைத்த பின்பும் தெருவில் படம் எடுப்பது பழக்கம். நயினார்குளம் மார்க்கெட், கீழ ரத வீதி, வண்ணார்பேட்டை, ஈரடுக்குப் பாலத்தின் அடிப்பகுதி, பாளை பஸ் நிலையம் என்று கால் போன போக்கில் போவேன். தனியாகக் கேமரா கிடையாது. கைபேசிதான்.

படம் போட்டால் ‘கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்’ என்று பாராட்டு வருகிறது. ஒரு வாரம் கழித்து அதே ஆளிடம் கேட்டால் எந்தப் படம் என்றே அவருக்குத் தெரியவில்லை. எனக்கே சில படங்களை எந்த முக்கில் எடுத்தேன் என்று ஞாபகம் வருவதில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது எங்கேயோ இடிக்கிறது. தெருவில் எடுக்கிற படத்தில் உணர்ச்சி எங்கிருந்துதான் வருகிறது? வெளிச்சத்திலிருந்தா, முகத்திலிருந்தா, வெறும் அதிர்ஷ்டமா?

ஐந்து படங்களை இணைத்திருக்கிறேன். முதலாவது, நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் தாத்தா, கறுப்பு வெள்ளையில். இரண்டாவது, இருட்டுக்கடை வாசலில் அல்வாவுக்கு நிற்கும் கூட்டம். மூன்றாவது, சுலோசனா முதலியார் பாலத்தில் விடிகாலை, சைக்கிளில் ஒருவர். நான்காவது, ஆனித் தேரோட்டம், மாடியிலிருந்து. ஐந்தாவது, ஜங்ஷனிலிருந்து பாளை போகும் டவுன் பஸ்ஸுக்குள் எடுத்தது. கலங்கலாக இருக்கிறது, கணக்குக்குச் சேர்த்தேன். தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

தாழையூத்து:
முதல் படம் பிரமாதம். அந்த முகச் சுருக்கங்களில் ஒரு வாழ்க்கையே தெரிகிறது. போட்டிக்கு அனுப்பலாம்.

நிழற்குடை:
தாட்சண்யம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் துணிந்து எழுதுகிறேன். சுருக்கத்தில் வாழ்க்கை தெரிகிறது என்கிறார் தாழையூத்து நண்பர். எந்த வாழ்க்கை? அந்தப் பெரியவர் மூட்டை தூக்குபவரா, மொத்த வியாபாரியா, ஊருக்குப் போக லாரி பார்த்து உட்கார்ந்திருப்பவரா? படத்தில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. வயதான முகம், வெற்று மார்பு, கறுப்பு வெள்ளை, கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி. இவ்வளவும் சேர்ந்தால் பார்ப்பவர் தானாக ‘உச்’ கொட்டுவார். ஒட்டன்சத்திரத்தில் எடுத்தாலும் கோயம்பேட்டில் எடுத்தாலும் இதே படம்தான் வரும்.

போதாக்குறைக்கு, பின்னணியைக் கலங்கடிக்கும் வசதியை வேறு போட்டிருக்கிறீர்கள். குளக்கரை, லாரி, வாழைத்தார், தராசு எல்லாம் கஞ்சியாகக் கரைந்துவிட்டன. தெருவில் நின்று தெருவையே துடைத்துவிட்டு முகத்தை மட்டும் எடுப்பதற்கு அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போயிருக்கலாமே.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றினாலே ஆழம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் என்னிடம் இல்லை. ரகுபீர் சிங் (1942–1999) இந்தியத் தெருக்களை வண்ணத்தில்தான் எடுத்தார், அதுவும் வண்ணப் படத்தைக் கலை என்று பலர் ஒப்புக்கொள்ளாத காலத்தில். விடிகாலை மார்க்கெட்டில் வாழைப்பூவின் கருஞ்சிவப்பும் சாக்கின் பழுப்பும் டியூப் லைட்டின் பச்சையும் சேர்ந்து ஒரு நிறம் இருக்கிறது. அதை ஏன் தூக்கி எறிகிறீர்கள்?

இருட்டறை:
பாளையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கிழவன் நான். யாஷிகா கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம் எடுத்த காலத்து ஆள். அதனால் கறுப்பு வெள்ளையைத் திட்டினால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும். ஆனால் நிழற்குடை சொல்வது சரி. அன்றைக்கு எங்களுக்கு வேறு வழியில்லை, அதனால் கறுப்பு வெள்ளையில் எடுத்தோம். இன்றைக்கு அது அரிதாரம் மாதிரி ஆகிவிட்டது.

தம்பி, நீ கணக்குக்குச் சேர்த்தேன் என்று சொன்ன ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற நாலையும் மறந்துவிடு. ஜன்னலோரம் ஓர் அம்மா, மடியில் பூக்கூடை. விரல்களில் ஈரம் மின்னுகிறது, சுண்டுவிரலில் வாழைநார்த் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறது. கண்டக்டர் சீட்டைக் கிழித்துவிட்டார். அந்த அம்மா கையை நீட்டவில்லை, ஈரக் கையில் வாங்கினால் தாள் ஊறிப்போகும். கண்டக்டரே குனிந்து, கூடையின் விளிம்புக்கும் பூவைப் போர்த்திய துணிக்கும் நடுவில் அந்தச் சீட்டைச் செருகுகிறார். அவருடைய கட்டைவிரல் மட்டும் அசைந்து கலங்கியிருக்கிறது. அவர் பார்வை அதற்குள் அடுத்த சீட்டுக்காரரிடம் போய்விட்டது. அந்த அம்மாவோ ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. தினம் நடக்கிற காரியம் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, கட்டணமில்லாச் சீட்டுதான். விலையே இல்லாத அந்தத் தாளை நனையாமல் செருகி வைக்கிறார் அந்த மனிதர். நீ கேட்ட உணர்ச்சி இதில் இருக்கிறது.

வடக்கு ரதவீதி:
அண்ணாச்சி, நீங்கள் சொன்ன பிறகு எடுத்துப் பார்த்தால் எனக்கே வேறு படமாகத் தெரிகிறது. ஒரு சந்தேகம். கலங்கல் இல்லாமல் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா?

இருட்டறை:
எது கலங்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. பஸ்ஸுக்குள் அந்தி வெளிச்சத்தில் கைபேசி தானாக ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும். முப்பதில் ஒரு பங்கு நொடி, சில சமயம் அதற்கும் மெதுவாக. அந்த நேரத்துக்குள் அசையாமல் இருப்பது தெளிவாக விழும், அசைவது இழுபடும். உன் படத்தில் கூடையும் முகமும் நிற்கின்றன, விரல் ஓடுகிறது. வேலை எது, ஓய்வு எது என்று பிரித்துக் காட்டிவிட்டது. படம் முழுக்கக் கலங்கினால் அது வேறு கதை, கை நடுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

தெருவில் நடப்பவரைத் தெளிவாகப் பிடிக்க வேண்டுமானால் 250-இல் ஒரு பங்கு நொடியாவது வேண்டும், ஓடும் பிள்ளைகளுக்கு 500. இப்போது வரும் கைபேசிகள் பலவற்றில் இதை நாமே வைத்துக்கொள்ளலாம். முகத்தை வழுவழுப்பாக்கும் வசதியை மட்டும் முதலில் அணைத்துவிடு. நம் ஊர் வெயிலில் நின்ற முகத்தை அது மாவு பூசின முகமாக்கிவிடுகிறது.

சுளவு:
இங்கே ஒருவர் கூடக் கேட்காததை நான் கேட்கிறேன். அந்தப் பூக்கார அம்மாவிடம் காட்டினீர்களா?

என் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறாள். சில வருடங்களுக்கு முன்பு கேமராவோடு ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அம்மா தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், சுளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்தார், சிரித்தார், போய்விட்டார். பிறகு ஒரு கண்காட்சியில் அந்தப் படம் இருப்பதாகச் சொந்தக்காரர் ஒருவர் கைபேசியில் அனுப்பினார். அம்மாவின் இரண்டு கைகள் மட்டும் இருந்தன. கறை படிந்த நகம், பீடி இலை, கத்தரி. கீழே வறுமையைப் பற்றி ஒரு வாசகம்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. கேட்காமல் எடுத்ததற்காக வந்த கோபம் என்று நினைத்தேன். அதற்கில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் எங்களுக்குக் கூலிக் கணக்கு. அன்றைக்கு மதியச் சோற்றுக்கு முன்பே முக்கால்வாசி சுற்றி முடித்து, கட்டுகளைப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். தெருவில் யாருக்கும் அந்த வேகம் கிடையாது. ‘கையை எடுத்தவன் கட்டை விட்டுவிட்டானே’ என்று அன்று முழுக்கப் புலம்பினாள். அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை வெட்டி எறிந்துவிட்டு, அவள் நினைத்தே பார்க்காத ஒரு துக்கத்தை அவள் விரலில் மாட்டிவிட்டார் அந்த ஆள்.

அதனால் யாராவது தெருவில் ‘உணர்ச்சி’ தேடிப் போகிறேன் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. போகிறபோதே ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போய், அகப்பட்டவர் தலையில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

நிழற்குடை:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேட்டுவிட்டு எடுத்தால் அந்தக் கண்டக்டர் விரலை எங்கே பார்ப்பது? கேட்ட மறு நிமிஷம் அந்த அம்மா தலையைக் கோதிக்கொண்டு நேராக உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் பல்லைக் காட்டியிருப்பார்.

விவியன் மையர் என்ற பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தெருவில் எடுத்துத் தள்ளியதைப் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்தார், வெளியே காட்டவில்லை. 2007-இல் அந்தப் பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கே தெரியவந்தது. 2009-இல் அவர் காலமானார். அவர் அதிகம் கையாண்ட ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை வயிற்றோரம் வைத்துக் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குத் தன்னை எடுக்கிறார்கள் என்ற எண்ணமே பல சமயம் வராது. அவரும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டார். அந்தப் படங்களை எல்லாம் கொளுத்திவிடலாமா?

கொக்கிரகுளம் வக்கீல்:
சட்டம் என்ன சொல்கிறது என்று தனிச் செய்தியில் இருவர் கேட்டிருந்தார்கள். சுருக்கமாக இங்கேயே எழுதுகிறேன். பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பது என்ற அளவில் அது குற்றமாகாது. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ‘தெருவுக்கு வந்துவிட்டார், அப்புறம் என்ன’ என்று யாரும் மார்தட்ட முடியாது. ஒரு பெண்ணை அவருடைய அந்தரங்கமான வேளையில் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் வரும், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி. படித்துறையில் குளிப்பவர்களை ‘தாமிரபரணியின் அழகு’ என்று எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் அது.

கோயிலுக்குள் கைபேசி வேண்டாம். திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவு தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்துக்கும் சேர்த்துத்தான். படத்தின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருடையது, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகளுக்கு. ஆனால் படத்தில் இருப்பவரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அதோடு சேர்ந்து வந்துவிடாது. அதற்கு அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்கி வையுங்கள்.

சுளவு:
முன்கூட்டியே கேளுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? எடுத்துவிட்டுக் காட்டுங்கள் என்கிறேன். அந்த விவியன் மையர் சிகாகோவில் வருடக்கணக்காக நடந்தவர், படத்தை வைத்துப் பெயர் வாங்கவும் போகவில்லை. எங்கள் தெருவுக்கு வந்தவர் மத்தியானம் வந்து மத்தியானமே கிளம்பியவர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். காட்டினால் என்ன குறைந்துவிடும்? அம்மாவிடம் காட்டியிருந்தால் ‘கட்டையும் சேர்த்து எடு’ என்று சொல்லியிருப்பாள். அவருக்கு நல்ல படமும் கிடைத்திருக்கும்.

செவ்வாய்ச்சந்தை:
நான் படம் எடுப்பவன் அல்ல, எடுக்கப்படுபவன். மேலப்பாளையம் சந்தையில் ஆட்டு வியாபாரம். பக்ரீத் நெருங்கினால் போதும், கேமராக்காரர்கள் ஆட்டைவிட அதிகமாக வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் கொம்பு முறுக்கிய கிடா வேண்டும், தாடி வைத்த வியாபாரி வேண்டும், பின்னால் புழுதி பறக்க வேண்டும்.

பழைய தரகர்கள் துண்டைப் போட்டுப் பேரம் பேசுவதை யாராவது பொறுமையாக நின்று பார்த்திருக்கிறீர்களா? வாங்குகிறவர் கைமேல் துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். வெளியில் பேச்சு மழையைப் பற்றி இருக்கும், யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியாவது இருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது. முகத்தில் ஒன்றும் காட்டிவிடக் கூடாது என்பதுதான் தொழிலே. அதனால் முகத்தை எடுத்துப் பிரயோஜனம் இல்லை. கால்களைப் பாருங்கள். விற்கிறவர் விலை படியப்போகிறது என்றால் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டே இருப்பார். துண்டு லேசாக மேலும் கீழும் ஏறி இறங்கும், உள்ளே விரல் மாறுகிறது என்று அர்த்தம். படிந்துவிட்டால் துண்டு சட்டென்று உதறித் தோளுக்குப் போய்விடும். அந்த உதறலுக்கு முந்தின நொடியை ஒருவர் எடுத்துவிட்டால் அவரை நான் படக்காரர் என்று ஒப்புக்கொள்வேன்.

வருகிறவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் கைபேசியைப் பையிலேயே வைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போங்கள். பிறகு நாங்களே, ‘என்ன, இன்றைக்கு எடுக்கவில்லையா’ என்று கேட்போம்.

நிழற்குடை:
இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான பாடம் இதுதான். வரும் செவ்வாய் அங்கே இருப்பேன். டீ என் கணக்கு.

தார்சா:
வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. மேல்நாட்டுப் பாடங்களைப் படித்துவிட்டு எல்லாரும் பொன்னந்தி வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறார்கள். நாம் இருப்பது 8.7 பாகை வட அட்சரேகை. இங்கே சூரியன் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்குகிறது. அந்தி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில், அதாவது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டே கால் மணிக்கு, நிழல் காலடிக்குள் போய்விடும்.

அதற்காக அந்த வேளையில் வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உச்சி வெயிலில் மனிதர்கள் எல்லாரும் ஓரமாகத்தானே ஒதுங்குகிறார்கள்? கடை முகப்புத் தகரத்தின் கீழே, திண்ணையில், பாலத்தடியில். வெயில் தரையில் விழுந்து அங்கிருந்து மேலே எழும்பி முகத்தில் படும். தாடைக்குக் கீழே வெளிச்சம், நெற்றியில் நிழல். பழைய வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து அரிசி புடைக்கும் ஆச்சியின் முகத்தில் இந்த வெளிச்சத்தைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஸ்டுடியோ விளக்கும் அதைத் தராது. இருட்டறை அண்ணாச்சி மன்னிக்கவும். ஆனி, ஆடியில் சாரல் வேண்டுமென்றால் தென்காசிப் பக்கம் போக வேண்டும். நெல்லைக்கு மழை என்பது ஐப்பசி, கார்த்திகைதான். அப்போது ஈரத் தார்ச்சாலையே கண்ணாடியாகிவிடும்.

இரண்டாவது படத்துக்கு வருகிறேன். கடைக்குப் பெயரே மங்கிய வெளிச்சத்தால் வந்தது. உங்கள் கைபேசியோ அதை நகைக்கடை மாதிரி வெளுத்துக் காட்டுகிறது. கைபேசிகள் இருட்டைக் கண்டால் தாமாகவே தூக்கிவிடும். திரையில் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். கூட்டத்தின் முதுகை எடுக்காமல், வாங்கிவிட்டு ஓரமாக ஒதுங்குகிறவர்களை எடுங்கள். சுடச்சுட இலையில் விழுந்த அல்வாவை விரலில் எடுப்பதற்குள் நெய் மணிக்கட்டு வரை வழிந்துவிடும். முதலில் நாக்கா, முதலில் கைக்குட்டையா என்று ஒரு கணம் தடுமாறுவார்கள் பாருங்கள், பெரிய அதிகாரியாக இருந்தாலும் அங்கே ஐந்து வயதுதான்.

வடக்கு ரதவீதி:
தார்சா அவர்களுக்கு நன்றி. தேர்ப் படத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவு மோசமா?

தாழையூத்து:
மோசமில்லை, எல்லா நாளிதழிலும் வந்துவிட்ட படம். நான் முன்பு தாத்தா படத்தைப் புகழ்ந்தவன்தான், அதில் மாற்றமில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தேர் விஷயத்தில் ஒன்று சொல்லலாம். 2024 தேரோட்டத்தில் வடம் அறுந்து தேர் நின்றது. மாடியில் இருந்த கேமராக்கள் எல்லாம் இறக்கி வைக்கப்பட்டன, தேர் நகராத நேரத்தில் எடுக்க என்ன இருக்கிறது என்று. நான் கீழே இருந்தேன். அறுந்த வடத்தைக் கையில் பிடித்தபடியே ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள், விட்டால் இடம் போய்விடும் என்று. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறவர்கள் அந்தக் கட்டைமேலேயே சாய்ந்து மோர் குடித்தார்கள். மாடியிலிருந்து இதெல்லாம் தெரியாது.

ஹைகிரவுண்டு:
கைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பாளையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பழைய பள்ளி இருப்பது எல்லாருக்கும் தெரியும். மாலையில் பஸ் நிறுத்தத்தில் பெரிய மாணவர்கள் பேசிக்கொள்வதைப் பார்த்தால் கை, புருவம், தோள் எல்லாம் சேர்ந்து பேசும். எடுக்க ஆசைப்பட்டேன். ஆசிரியை ஒருவர் தெரிந்தவர் என்பதால் அவரிடம் கேட்டேன். ‘சைகை நடுவில் நின்றால் பாதிச் சொல்லில் வாயைப் பொத்தியது போல இருக்கும். உங்களுக்கு அழகான கை தெரியும், அவர்களுக்கு உளறல் தெரியும்’ என்றார். பிள்ளைகள் வேறு. எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தது மட்டும் எடுக்கத் தகுந்தது என்று இன்றைக்கும் தோன்றுகிறது. சிரிப்பு பாதியில் நின்றாலும் சிரிப்புதான்.

ஷார்ஜா நெல்லை:
வெளிநாட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் மறந்த மூன்றாவது படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். 1843-இல் கட்டிய பாலம், உதயம், சைக்கிள் எல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. இடது ஓரத்தில், கைப்பிடிச் சுவருக்கு அப்பால், சாயம் போன ஒரு சுவர் விளம்பரத்தின் துண்டு தெரிகிறது. கல்லூரிக்குப் போகும்போது தினம் அதைக் கடந்தேன். அது இன்னும் இருக்கிறது என்று உங்கள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படம் எடுத்தவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். தயவுசெய்து ஓரங்களை வெட்டாதீர்கள்.

இருட்டறை:
ஷார்ஜாத் தம்பி சொன்னது எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஆறு ஊருக்குள் வந்ததே, தண்ணீர் வடிந்த பிறகு ஜனங்கள் என் கடைக்குக் கொண்டுவந்தது கல்யாண ஆல்பங்களை. சேறு படிந்து, படத்தோடு படம் ஒட்டிக்கொண்டு கல்லாக இருந்தன. பலர் வெயிலில் காயவைத்துவிட்டுப் பிறகு பிரிக்கப் பார்த்தார்கள், முகம் உரிந்து அடுத்த படத்தோடு போய்விட்டது. யாருக்காவது இனி உதவும் என்பதற்காகச் சொல்கிறேன். பழைய ஸ்டுடியோ பிரிண்ட் ஒட்டிக்கொண்டால் காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தானாக நெகிழ்ந்த பிறகு மெதுவாகப் பிரித்து, மேல்பக்கத்தைத் தொடாமல் நிழலில் மலர்த்திப் போடுங்கள். இங்க் பிரிண்டரில் போட்ட படத்துக்கு இது ஆகாது, மை ஓடிவிடும்.

அப்படிப் பிரித்த படங்களை ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. மாப்பிள்ளை, பெண்ணை ஒரு பார்வைதான். அப்புறம் விரல் பின்னால் போய்விடும். ‘இது நம் பழைய வாசல்’, ‘இந்த வேப்பமரம் இருந்தது’, ‘டீக்கடைக்கார மாமா நிற்கிறார் பார்’. அவர்கள் கேட்டு எடுத்தது கல்யாணம், எனக்குத் தெரியாமல் நான் எடுத்துக் கொடுத்தது தெரு. அதனால்தான் பின்னணியைக் கலங்கடிக்கும் அந்தப் பொத்தானைக் கண்டால் எனக்கும் எரிச்சல் வருகிறது.

வடக்கு ரதவீதி:
பூக்கார அம்மாவைப் பற்றிச் சுளவு அக்கா கேட்டதற்குப் பதில். அதே நேரத்துப் பஸ்ஸில் போனேன், பார்த்தேன், படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘கூடையில் அன்றைக்குப் பிச்சிதான் இருந்தது, மல்லி இல்லை’ என்றார். துணி விலகிய இடத்தில் தெரிந்த நாலு மொட்டை வைத்து எந்த நாள் என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு, ‘என் முகம் பாதிதானே இருக்கிறது, இதை யார் மாட்டுவார்கள்’ என்று கேட்டு, கூடையை இறக்கி வைத்து, தலையில் ஒரு சரம் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அடையாள அட்டைப் படம் மாதிரி வந்திருக்கிறது. அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது, பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார்.

கண்டக்டரிடமும் காட்டினேன். சிரித்தார். ஆனால் வெளியில் போட வேண்டாம் என்றார், டிப்போவில் தேவையில்லாத பேச்சு வருமாம். அதனால் ஐந்தாவது படத்தை இங்கிருந்து எடுத்துவிட்டேன். இதுவரை பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி.

நிழற்குடை:
இழையிலேயே இருந்த ஒரே நல்ல படத்தை எடுத்துவிட்டு, ‘இதுவரை பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி’ என்கிறீர்கள்! விரல்தானே தெரிகிறது, முகத்தை மறைத்துவிட்டுப் போட்டிருக்கலாமே?

சுளவு:
வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நன்றி தம்பி. அந்த அம்மாவின் நேர்ப் படத்தைப் போடலாம் என்று அவர் சொன்னால் போடுங்கள், நாங்கள் பார்க்கிறோம்.

தாழையூத்து:
நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. முதல் படத்தோடு நின்றுவிட்டேன்.

வடக்கு ரதவீதி:
நிழற்குடை, முகத்தை மறைத்தால் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே செருகுகிறார் என்பது போய்விடும். அது இல்லாமல் அந்தப் படம் வேண்டாம். அண்ணாச்சி, இரண்டையும் பிரிண்ட் போட வேண்டும். கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

இருட்டறை:
பத்து மணிக்கு. அந்த அம்மா கேட்டதை எட்டுக்குப் பன்னிரண்டில் போடுவோம், பஸ் படத்தை நாலுக்கு ஆறில் இரண்டு பிரதி, ஒன்று கண்டக்டருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்காதே, படம் சுருங்கி வரும். கைபேசியையே கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை வராதே, கடை கிடையாது.